இருபத்தைந்து மடங்கில் ஒரு முகம்

துப்பாக்கி ஸ்கோப் பைத்தியம் பிடித்தவனோடு வேட்டைக்குப் போவதும் பல்வலியோடு விருந்துக்குப் போவதும் ஒன்றுதான். எதிரே என்ன இருந்தாலும் நினைப்பு முழுக்க அந்த ஓர் இடத்திலேயே கிடக்கும். லாக்லன் டால்கிளீஷ் அப்படிப்பட்ட ஆள். மலைக்குடிலில் காலைத் தேநீருக்குக் கெட்டில் கொதிப்பதற்குள் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டான். எதிரே உட்கார்ந்து இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் நனைப்பதற்காகக் காத்திருந்தவன் வாரிக், லாக்லனின் தங்கை இஷ்பெல்லைக் கட்டியவன்.

"நாலு மடங்கு, ஆறு மடங்குன்னு வச்சு உருட்டினதெல்லாம் அப்பா காலத்தோட போச்சு மாப்ளே. இது அஞ்சுலேருந்து இருபத்தஞ்சு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற வரையாட்டோட கண்ணிமைய எண்ணலாம்."

"எண்ணி என்ன பண்ணப்போறே? மை தீட்டிவிடப் போறியா?"

"சிரி, சிரி. இன்னிக்கு சுட்டுக் காட்டுறேன், அப்புறம் பேசு."

"இருபத்தஞ்சுல வச்சா உன் கை நடுக்கமும் இருபத்தஞ்சு மடங்கு தெரியும். கானலும் இருபத்தஞ்சு மடங்கு தெரியும். ஆடு எங்க நிக்குதுன்னு மட்டும் தெரியாது மச்சான். வைக்கோல் போருக்குள்ள குழல விட்டுப் பாக்குற கதைதான்."

லாக்லன் காதில் வாங்கவில்லை. ஸ்கோப்பின் மடங்கை மாற்றும் வளையத்தைச் சுற்றி அவன் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தான். வளையம் இருபத்தைந்தை விட்டு ஒரு மயிரிழை நகராது. அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தான். குறுக்குக் கோட்டில் கீழே கீழே இருக்கும் சின்னக் கோடுகள், தூரத்துக்குத் தகுந்தபடி குண்டு எவ்வளவு இறங்கும் என்று காட்டுகிறவை. அந்த வகை ஸ்கோப்பில் அந்தக் கோடுகள் உச்ச மடங்கில் மட்டும்தான் உண்மை பேசும். வேறு எதில் வைத்தாலும் பொய். போன வருஷம் தெரியாத்தனமாகப் பன்னிரண்டில் வைத்துச் சுட்டு ஒரு நல்ல கிடாவைக் கோட்டைவிட்டவன், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டேப்பை எடுத்தான். மலைநாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் ஏதாவது ஒன்றை ஒட்டிவைத்துவிட்டு, தவறே இனி நடக்காது என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

வாரிக்குக்கு அன்று ஸ்கோப்பைப் பற்றிப் பேச விருப்பமே இல்லை. அவன் வயிற்றுக்குள் வேறொரு பேச்சு கிடந்து புரண்டுகொண்டிருந்தது. தெற்கே ரிவர்ட்டனில் அவன் அண்ணன் படகுப் பட்டறை வைத்திருந்தான். வா, வந்து பாதியைப் பார்த்துக்கொள் என்று கூப்பிட்டுவிட்டான். இஷ்பெல் சரி சொல்லிவிட்டாள். மாமனார் ஆங்கஸிடம் சொல்வதற்கு முன் லாக்லனிடம் சொல்லிவிடுவோம், மலையில் தனியாக இருக்கும்போது சொல்வது சுலபம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். சுலபமாம்! நேற்று ஏறும்போது மூன்று தரம் வாயைத் திறந்தான். மூன்று தரமும் மென்று விழுங்கினான்.

பயம் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பண்ணையில் வாரிக்கை யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அதுதான் வினையே. கல்யாணமான மறுவாரம் லாக்லன் வந்து, ஆட்டுரோமம் கத்தரிக்க வருகிறவர்கள் தங்கும் வீடு காலியாக இருக்கிறது, நீங்கள் அங்கே இருங்கள் என்றான். இருந்தார்கள். மேல் மேய்ச்சல் வேலியை நீ பார்த்துக்கொள் என்றான். பார்த்துக்கொண்டான். இந்த நாய் உனக்கு, அந்த ஜீப் உனக்கு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு பெரிய வீட்டில். எதை எடுத்தாலும் லாக்லன் சொல்லி முடிப்பதற்குள் வாரிக்கின் கால் அங்கே போய் நின்றிருக்கும். கடலோரத்தில் வளர்ந்தவன், நாலு பக்கமும் மலை நிற்கிற ஊரில், மூச்சு முட்டுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? இவ்வளவு நல்லவர்களிடம் எப்படித்தான் சொல்வது?

சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் லாக்லன் சொன்னதைச் செய்துவிட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், செங்குத்துப் பாறைக்கு மேலே, பிடரி மயிர் காற்றில் அலைய ஒரு கிழட்டு வரையாட்டுக் கிடா வந்து நின்றது. லாக்லன் குப்புறப் படுத்து, மூச்சை விட்டு, பாதி மூச்சில் நிறுத்தி, ஒரே வெடி. ஆடு முன்னங்கால் மடிந்து விழுந்தது. விழுந்த ஆடு ஓடைக்கு உருளும் என்று பார்த்தால், பாறையின் நடுவில் ஒரு விளிம்பில் சிக்கி அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தியா! பாத்தியா!" லாக்லன் குதித்தான். "கொம்பு பாத்தியா மாப்ளே? அப்பா பிறந்தநாளுக்கு இதுதான். நீ போய் எடுத்துட்டு வந்துடு. நான் இங்கேருந்து வழி சொல்றேன்."

நீ போய் எடுத்துட்டு வந்துடு! வாரிக் மறுபேச்சுப் பேசாமல் இறைச்சி சுற்றும் வெள்ளைத் துணிப்பையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். பைனாகுலர் அவன் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. லாக்லனிடம் பைனாகுலர் கிடையாது. இருபத்தைந்து மடங்கு இருக்கும்போது அது எதற்கு என்பான். ஆளுக்கொரு வாக்கி-டாக்கி.

இறங்கி, ஓடையைத் தாண்டி, சுற்றிவளைத்து ஏறிப் பாறையின் தலைக்குப் போவதற்கே வெகுநேரம் பிடித்தது. அங்கிருந்து ஆட்டை நோக்கி இறங்கத் தொடங்கினான். பாறையைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறவனுக்குத் தன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்குத்தான் எதிர்ப்பக்கத்தில் ஆள். லாக்லனின் குரல் கரகரவென்று வந்துகொண்டே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ. அப்படித்தான். இப்ப உன் பூட்ஸுக்குக் கீழ ஒரு படி இருக்கு. முழங்கால் உயரம்தான். பிடிய விட்டுடு."

"நல்லாப் பாத்தியா?"

"உன் பூட்ஸ் லேஸ்ல முடிச்சு தெரியுதுடா எனக்கு. விட்டுடுங்கிறேன்ல?"

வாரிக் விட்டுவிட்டான்.

முழங்கால் உயரம் இல்லை. ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே. அவ்வளவு பெருக்கிப் பார்த்தால் ஆழம் செத்துப்போகும். முன்னால் இருக்கும் கல்லும் பின்னால் இருக்கும் கல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே கல்லாகத் தெரியும். லாக்லனின் கண்ணுக்கு அது படி. வாரிக்கின் விரல்களுக்கு அது பச்சைப் பாசி படிந்த வழுவழுப்பான பாறை. நெஞ்சும் முட்டியும் தேயச் சரிந்து வந்து ஒரு விளிம்பில் தொப்பென்று விழுந்தான். விழுந்த வேகத்தில் இன்னும் ஓரடி சறுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எழுந்து நின்று பார்த்தான். விளிம்பு ஒரு கதவைப் படுக்கப்போட்ட அகலம். மேலே அவன் சரிந்து வந்த பாறை. கையை எட்டிப் பிடிக்க ஒரு கீறல்கூட இல்லை. கீழே ஓடை, கேட்க மட்டும் கேட்டது. ஓடை இறங்கும் பக்கம் ஒரு சுவர் மாதிரிப் பாறை வந்து மறித்தது. மறுபக்கம், பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால், நடுவில் வெறும் காற்று மட்டும் இருக்க, செத்த கிடா நிம்மதியாகப் படுத்திருந்தது.

"மச்சான்," என்றான் வாக்கி-டாக்கியில். "மாட்டிக்கிட்டேன்."

"மேல ஏற முடியாதா?"

"ஏற முடிஞ்சா உன்கிட்ட எதுக்குச் சொல்றேன்?"

"அய்யோ கடவுளே. இரு. நகராதே. ஆபத்துக்கு அழுத்துற பீக்கன் என் பையிலதான் இருக்கு. அழுத்துறேன். அழுத்திட்டேன். விளக்கு மின்னுது."

மின்னட்டும். வாரிக் வானத்தைப் பார்த்தான். மேற்கே மலைத்தொடரின் முதுகில் மேகம் வில்லாக வளைந்து நின்றது. வெதுவெதுப்பான வடமேற்குக் காற்று முகத்தில் அடித்தது. அந்த ஊரில் அதற்கு அர்த்தம் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் காற்றில் எந்த ஹெலிகாப்டரும் இந்தப் பள்ளத்துக்குள் வராது. காற்று ஓய்ந்தால் மழை. மழை வந்தால் இந்தப் பாறை சோப்புக்கட்டி. நனைந்த விளிம்பில் இரவு முழுக்க விழித்து நிற்க முடியாது. கண் அயர்ந்தால் போச்சு.

பைனாகுலரை எடுத்து எதிர்ப்பக்கம் பார்த்தான். லாக்லன் குப்புறப் படுத்திருந்தான். முகம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கோப்பின் கண்ணாடி. அதற்குக் கீழே துப்பாக்கிக் குழாயின் கறுப்பு ஓட்டை, நேராக இவன் நெஞ்சுக்கு. ஆளை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பாதே என்பது ஆங்கஸ் வீட்டுச் சட்டம். விளையாட்டுக்குத் திருப்பினாலே கிழவர் காதைத் திருகுவார்.

"குழாய என் பக்கம் காட்டிக்கிட்டு இருக்கே."

"சுடுற போல்ட்டக் கழட்டி பாக்கெட்ல போட்டுட்டேன். வேற எதால உன்னப் பாக்குறது? பைனாகுலர நீதான் கொண்டு போயிட்டே."

"சரி. வழி பாத்துச் சொல்லு."

லாக்லன் வழி பார்த்தான். என்னத்தைப் பார்த்தான்! உன் இடது கைக்கு மேலே ஒரு வெடிப்பு இருக்கு என்றான். வாரிக் தடவிப் பார்த்தால் அது நீர் ஓடிய கறை. உன் காலடியில் ஒரு கல் துருத்திக்கொண்டு இருக்கு என்றான். மெல்ல மிதித்ததும் அது கழன்று கீழே போனது. எங்கேயோ வெகுகீழே டக்கென்று ஒரு சத்தம் வந்தது. வாரிக் பாறையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினான்.

"உன் உதடு நடுங்குது மாப்ளே," என்றது வாக்கி-டாக்கி. "உன் கண்ணுல தண்ணி நிக்குறதுகூடத் தெரியுது."

"என் கண்ணுல என்ன மயிருக்குப் பாக்குறே? பாறையப் பாரு! முழுப் பாறையையும் பாரு. அஞ்சுக்குக் கொறை."

"கொறைச்சா உன்னத் தொலைச்சிடுவேன்டா. சாம்பல் பாறை, சாம்பல் சட்டை. இப்பவே ஒருதரம் முழங்கை இடிச்சு நகந்துபோச்சு. திரும்ப உன்னக் கண்டுபிடிக்குறதுக்குள்ள செத்துப் பொழைச்சேன். அந்த நேரத்துல நீ விழுந்திருந்தா?"

"நான் விழுறத நீ கிட்டக்கப் பாத்தா என்ன, தள்ளிப் பாத்தா என்ன? விழுந்தா விழுந்ததுதான்."

"நான் கண்ண எடுக்க மாட்டேன். நீ நான் சொல்றத மட்டும் கேளு. இப்ப வலது கால..."

"மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் வாரிக்கின் காதிலேயே விழுந்தது. டால்கிளீஷ் குடும்பத்தில் பெண்ணெடுத்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவன் இவர்களிடம் சொன்னதே இல்லை. ஒருதரம் வாயிலிருந்து வந்ததும் பின்னாலேயே மற்றதெல்லாம் மடை உடைந்து வந்தது.

"மாட்டேன்டா! நீ சொல்லித்தான் அந்தப் படியில கால விட்டேன். நீ சொல்லித்தான் இந்த மலைக்கு வந்தேன். நீ சொன்ன வீட்டுல இருக்கேன், நீ சொன்ன வேலியக் கட்டுறேன், நீ சொன்ன நாய வளக்குறேன். என் லேஸு அவுந்தா உனக்குத் தெரியுது. நான் மூச்சு முட்டிக் கிடக்குறது தெரியலையே உனக்கு! நாங்க போறோம் மச்சான். நானும் இஷ்பெல்லும். ரிவர்ட்டனுக்கு. எங்கண்ணன் பட்டறைக்கு. இதச் சொல்லத்தான் நேத்துலேருந்து நாக்கக் கடிச்சுக்கிட்டு வர்றேன். இப்பச் சொல்லிட்டேன். இனி இங்கேயே விழுந்தாலும் சரி."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். இரைச்சல். வெறும் இரைச்சல். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

என்ன காரியம் செய்தோம்! உயிர் பிழைக்க இருக்கிற ஒரே ஜோடிக் கண் அவனுடையது. அந்தக் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு இனி யாரிடம் வழி கேட்பது? தங்கையை அழைத்துக்கொண்டு ஓடப்போகிறவனுக்கு எவன் வழி சொல்வான்? சொல்லாமலே விட்டிருக்கலாம். இவ்வளவு காலம் அடக்கினவனுக்கு இன்னும் ஒருமணி நேரம் அடக்கத் தெரியவில்லை.

"மச்சான்?"

பைனாகுலரைத் தூக்கினான். துப்பாக்கி அதன் இரட்டைக் காலில் நின்றது. பின்னால் ஆள் இல்லை. கொஞ்சம் தள்ளி, புல்லில், லாக்லன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவன் பக்கம் பார்க்கவில்லை. எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. முதல் மழைத்துளி வாரிக்கின் புறங்கையில் விழுந்தது. நானே என்னைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தான்.

பிறகு லாக்லன் எழுந்தான். துப்பாக்கியிடம் வந்தான். குனிந்து ஸ்கோப்பில் வாயை வைத்து எதையோ கடித்து இழுத்தான். வாரிக்குக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் கறுப்பாக ஒரு துண்டு காற்றில் பறந்து போனது.

"அஞ்சுல வச்சுட்டேன்," என்றது வாக்கி-டாக்கி. "உன்னக் காணோம். ஒரு மலை முழுக்க இருக்கு, நீ இல்ல. ஏதாவது வெளுப்பா இருந்தா காட்டு."

வாரிக் இடுப்பிலிருந்த இறைச்சிப் பையை உருவி, தலையில் மாட்டிக் கழுத்தில் முடிச்சுப் போட்டான்.

"ம்... இப்பத் தெரியுறே. எறும்பு முட்டை மாதிரி." ஒரு விக்கலோ சிரிப்போ வந்தது. "ஆட்டக் கட்டக் கொண்டுபோன பையில உன்னையே கட்டிக்கிட்டியேடா."

"பேசாம வழியப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இரு... அடேய். ஓடை இறங்குற பக்கம் சுவர் இருக்குதுல்ல உனக்கு?"

"இருக்கு. முட்டுச் சுவர்."

"சுவர் இல்ல மாப்ளே. நானும் இவ்வளவு நேரம் சுவர்னுதான் நினைச்சேன். இருபத்தஞ்சுல சுவரு. அஞ்சுல பாத்தா மூலை. மூக்கு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். அந்த மூக்குக்கு அந்தப் பக்கம் புல்லுப் பட்டை ஒண்ணு ஓடை வரைக்கும் இறங்குது. ஆடுங்க போற தடம். அகலமா இருக்கு. நீ நிக்குற விளிம்பு நிக்கல, மூக்கச் சுத்திக்கிட்டுப் போகுது."

"மூக்கச் சுத்தும்போது கால் வைக்க இடம் இருக்கா?"

"அது அஞ்சுல தெரியல. ஏத்தட்டுமா?"

"எட்டு போதும். அதுக்கு மேல போனே, நான் திரும்ப வந்து உன்னக் கொல்லுவேன்."

"எட்டு," என்றான் லாக்லன், நல்ல பையன் மாதிரி. "விளிம்பு குறுகுது. ஆனா அறுந்துபோகல. ஒரு இடத்துல பிளவு இருக்கு. எவ்வளவு அகலம்னு என்னால சொல்ல முடியாது. நான் சொல்ல மாட்டேன். போய்ப் பாத்து நீயே முடிவு பண்ணு."

நீயே முடிவு பண்ணு! அந்தக் குடும்பத்திலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க ஒருவன் செங்குத்துப் பாறையில் தொங்க வேண்டியிருந்தது.

வாக்கி-டாக்கியைச் சட்டைப் பையில் செருகினான். பைனாகுலரை முதுகுப்பக்கம் தள்ளினான். கன்னத்தைப் பாறையில் வைத்து, பக்கவாட்டில், கால்விரல் கால்விரலாக நகர்ந்தான். மழை இன்னும் தூறல்தான். பாறையின் மூக்கு அவன் வயிற்றை வெளியே தள்ளியது. பின்னால் ஒன்றும் இல்லை, முதுகில் காற்று மட்டும். மூலையைச் சுற்றிக் கையை நீட்டித் தடவினான். விரலில் புல் பட்டது. சொரசொரப்பான, கெட்டியான, வேரோடிய மலைப்புல். அவனுக்கு அழுகை வந்தது.

பிளவு இருந்தது. லாக்லன் சொல்லியிருந்தால் ஒரு சாண் என்றிருப்பான். குனிந்து தன் கண்ணாலேயே பார்த்தான். காலை நீட்டி வைத்தால் எட்டுகிற அகலம். வீட்டு வாசலில் என்றால் யோசிக்காமல் தாண்டிவிடுவான். இங்கே இரண்டு தரம் காலைத் தூக்கி இரண்டு தரமும் கீழே வைத்தான். சட்டைப் பைக்குள் லாக்லன் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தரம் எட்டி வைத்தான். பூட்ஸ் வழுக்கியது. இரண்டு கையாலும் புல்லைக் கொத்தாகப் பிடித்தான். புல் பிடி கொடுத்தது. முட்டியை ஊன்றித் தவழ்ந்து, பட்டையின் நடுவில் குப்புற விழுந்து, மண்வாசனையை மூச்சு மூச்சாக இழுத்தான்.

"தெரியுறே," என்று கிசுகிசுத்தது வாக்கி-டாக்கி. "தெரியுறேடா. வெளிய வந்துட்டே."

அதற்குப் பிறகு இறங்கியது பெரிய விஷயமில்லை. பாதித் தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கினான். மழை வலுத்தது. ஓடைக்கரைக் கற்களில் கால் வைத்தபோது லாக்லன் அந்தப் பக்கத்திலிருந்து இடுப்பளவு தண்ணீரில் தடுமாறிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் பீக்கன், இன்னும் மின்னிக்கொண்டு. துப்பாக்கியை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். டால்கிளீஷ் ஒருவன் துப்பாக்கியை மழையில் விட்டுவிட்டு வந்தான் என்று சொன்னால் அந்த மாவட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

வந்தவன் கட்டிப்பிடித்தான். விடவே இல்லை. விட்டபோதுதான் வாரிக் அவன் முகத்தைப் பார்த்தான். வலது கண்ணைச் சுற்றி, புருவத்திலிருந்து கன்ன எலும்புவரை, ஸ்கோப்பின் விளிம்பு பதிந்து வட்டமாகச் சிவந்து கன்றியிருந்தது. ஒரு மதியம் முழுக்க அழுத்திய கண்.

"ஸாரி மச்சான்," என்றான் வாரிக். "அந்த இடத்துல வச்சுச் சொல்லியிருக்கக் கூடாது."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ போயிடுவேன்னு. இருபத்தஞ்சுல உன் முகத்தப் பாத்தேன்ல, அந்த விளிம்புல நின்னுக்கிட்டு? புது முகம் இல்லடா அது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க மேசையில, எனக்கு எதிர் நாற்காலியில பாத்த முகம். வாய்க்குள்ள சோறு, கண்ணு ஜன்னலுக்கு வெளிய." லாக்லன் மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "தெரிஞ்சுதான் வீடு குடுத்தேன், ஜீப் குடுத்தேன். கிட்டக்க வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா போகமாட்டேன்னு நினைச்சேன்."

"மாமாகிட்ட நானே சொல்லிடுறேன். உன்ன மாட்டிவிட மாட்டேன்."

"சொல்லு. கத்துவாரு. அப்புறம் வழியனுப்ப ஆட்டுக்கறி கட்டிக் குடுப்பாரு. உனக்கு ஒண்ணும் ஆகாது." லாக்லன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மழை அவன் தலைமுடியிலிருந்து அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல் வழிந்தது. "டிமாரு டவுன்ல டீச்சரா இருந்தாளே மெரிடித், நான் கட்டிக்க இருந்தவ, அவ ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா. நீ பண்ணைய விட்டு வர்றியா, இல்லையான்னு. எழுபது வயசு அப்பன், அவருக்கு அப்பன் போட்ட வேலி, அத்தனை ஆடு. ஒரே மகன். மேல ஏறவும் முடியல, கீழ இறங்கவும் முடியல. அவ எத்தனை நாள் நிப்பா? இங்கிலீஷ் டீச்சருக்கு ஊரா இல்ல, போயிட்டா."

வாரிக் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை வருஷம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், இந்த ஆளை ஒருநாளும் பார்க்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டான்.

"நீ இறங்கிட்டே மாப்ளே," என்றான் லாக்லன். "நான் எங்கடா இறங்குறது?"

நீயும் வா, ரிவர்ட்டனில் இடம் இருக்கிறது என்று சொல்ல வாரிக் வாயைத் திறந்தான். அவன் வரமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். மேலே மழை இறங்கிய பள்ளங்களிலிருந்தெல்லாம் ஓடைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பழுப்பாக, நுரைத்துக்கொண்டு, அவர்கள் நின்ற கல்லின் மேல் ஏறியது. குடில் அந்தப் பக்கம். பண்ணையும் அந்தப் பக்கம்தான்.

"வா மச்சான்," என்றான் வாரிக். "தண்ணி ஏறுது."